குலம் அங்கிள் குழுவின் முன் பேசிய நாள்

1

போன வெள்ளிக்கிழமை மதியம் என் மேலாளர் ஹெலனிடமிருந்து ஒரு சிறிய மின்னஞ்சல் வந்தது. மின்தூக்கி விதி பற்றிய கோப்பு மூடப்பட்டுவிட்டது. அந்த விடயத்தில் எனக்கிருந்த தடை இன்றோடு நீங்குகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அதாவது, ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருந்த இரண்டு பேரோடு அவர்களுடைய மின்தூக்கியைப் பற்றி இனி நான் பேசலாம். கோடை தொடங்கியதிலிருந்து பேசக்கூடாது என்றிருந்தது. இப்போது தெருவோரத்துப் பனி கறுத்துப்போய்க் கிடக்கிறது. பேச அனுமதி கிடைத்த அதே கிழமையில் அவர்கள் அந்த வீட்டைக் காலிசெய்தார்கள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகத்தின் இரகசியம் எதுவும் இதில் இல்லை. அந்தக் கோப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் நான் என்பதால் எனக்குத் தெரிந்த இரகசியமும் இல்லை. யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவுகளில் இருந்தவையும், ஒரு சமையலறையில் நான் கேட்டவையும்தான் இங்கே இருக்கின்றன.

2

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவள் ரொறொன்ரோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் என்ன செய்கிறாள் என்று அம்மா இன்னும் தொலைபேசியில் கேட்பார். ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரியும் கேட்டார்.

"அரசாங்கத்திட்டை ஏதும் அலுவல் வேணுமெண்டாச் சனம் எங்களிட்டை வரும், அன்ரி. நாங்கள் அவைக்காகப் போய்க் கதைக்கிறது."

"அப்ப புரோக்கர் எண்டு சொல்லன், பிள்ளை."

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் முழுக்கச் சரியில்லை. வேலை நடக்கிற முறையை எழுதினால் விளங்கும்.

முதலில், வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வசனத்துக்குள் கொண்டுவர வேண்டும். இதுதான் கடினமான வேலை. பெரிய பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் வந்து உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் தங்கள் மனக்குறைகளைச் சொல்வார்கள். ஹெலன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சட்டத்தில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும்?" என்பார். பலர் மறுபடியும் மனக்குறைகளுக்கே திரும்பிப்போவார்கள்.

அடுத்து, உண்மையில் யார் முடிவெடுக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது பத்திரிகைப் படத்தில் வருகிற அரசியல்வாதி அல்ல. அவருடைய அலுவலகத்தில் வரைவை எழுதுகிற, முப்பது வயதுகூட ஆகாத ஒருவர்.

பிறகு பதிவு. எவருக்காக, எதைப் பற்றி, யாரோடு பேசப்போகிறோம் என்பதை அரசாங்கத்தின் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே இட வேண்டும். இங்கே செல்வாக்கு ஒளித்துவைக்கிற பொருள் அல்ல, முகவரியோடு பதிவாகிற ஒன்று. அந்தப் பதிவுகளைப் பிழையில்லாமல் வைத்திருப்பது என் பொறுப்பு. தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் அதை வக்கீல்களுக்கு விளங்கப்படுத்துவதும் நான்தான்.

கடைசியாக, ஒரு பக்கக் குறிப்பு. கேட்பது முதல் வரியில் இருக்க வேண்டும், காரணங்கள் அதற்குக் கீழே.

அன்பளிப்பு என்று எதுவும் கூடாது. ஒருமுறை தீபாவளிக்கு நான் கொண்டுபோன பலகாரத் தட்டு கூட்ட அறை மேசையில் இருந்தது. அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்திருந்த பையன் முறுக்கைப் பார்த்தான், ஹெலனைப் பார்த்தான், தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான்.

3

எங்கள் ஊரிலும் இந்த வேலை நடந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை.

போர் முடிந்து நாங்கள் திரும்பிப் போன பிறகு எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, நெடுநாள் மின்சாரம் வரவில்லை. அதற்காகச் சனசமூக நிலையத்தில் ஒரு விழா வைத்தார்கள். மின்சார சபையின் பெரிய அதிகாரி ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம், கடைசியில் நன்றியுரை. அத்தனை உரைகளிலும் மின்சாரம் என்ற சொல் ஒருதரம்கூட வரவில்லை. வரக்கூடாது. அழைத்து வந்தவரைச் சபையில் வைத்துக் கேட்பது மரியாதையில்லை. கூட்டம் முடிந்து அவர் வாகனத்தில் ஏறும்போதுதான் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, எங்கடை ஒழுங்கை..." என்று தொடங்கினார்.

சில மாதங்களில் மின்கம்பம் வந்தது. அந்தக் கதவடிப் பேச்சால் வந்ததா, வரவேண்டிய முறையில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவால்தான் வந்தது என்று ஒழுங்கை நம்பியது.

எங்கள் ஆட்கள் கேட்கத் தெரியாதவர்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்வார்கள். கேட்கத் தெரியும். மேடையில் நன்றி, கதவடியில் வேண்டுகோள் என்று எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ரொறொன்ரோவிலும் கதவு இருக்கிறது. அது கூட்டத்துக்கு முன்னாலேயே திறந்து மூடிவிடுகிறது. கூட்டம் நடக்கும் நாளில் எங்கள் நிறுவனத்தின் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

4

நான் ரொறொன்ரோ வந்து முதல் இரண்டு வருடமும் அந்தப் பதினான்காம் மாடியில், குலம் அங்கிள் வீட்டில்தான் ஒரு அறையில் இருந்தேன். அவர் மனைவி பவளம் அன்ரி அம்மாவின் பள்ளித் தோழி. வேறு வீடு போன பிறகும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். அன்ரிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். சிகிச்சைக்கு ஏற்றிப்போக நகரத்தின் சக்கரநாற்காலி வான் வண்டி கீழே வந்து நிற்கும். அன்ரி இறங்கி வரத் தாமதித்தால் அது அடுத்தவரிடம் போய்விடும்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகள். ஒன்று நிரந்தரமாகப் பழுது. மற்றது மனம் வைத்தால் ஓடும். ஓடாத நாட்களில் அன்ரி படியால் இறங்குவார். அங்கிள் ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை விரித்து அன்ரியை இருத்துவார். இறங்கலாம். டயலிசிஸ் முடிந்து வந்து ஏறுவதுதான் முடியாது. ஒருமுறை மாலை முழுவதும் கீழே வாசலில் இருந்துவிட்டு, மின்தூக்கி ஓடத் தொடங்கிய பிறகுதான் மேலே போனார். சிகிச்சை ஒன்று தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு எடுக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் ஒரு புதிய விதி பற்றிய பேச்சு வந்தது. மின்தூக்கி பழுதானால் குறிப்பிட்ட நாட்களுக்குள் கட்டட உரிமையாளர் திருத்த வேண்டும், தவறினால் தண்டம். குடியிருப்பாளர்கள் சந்தோசப்பட்டார்கள். அந்த விதியை ஆராயும் அரசாங்கக் குழுவின் முன் பொதுமக்களும் பேசலாம் என்று அறிவித்தல் வந்தது. கட்டடத்துத் தமிழர்கள் எல்லோருமாகக் கூடி, பேசுவதற்கு ஒருவரைத் தெரிவுசெய்தார்கள். வேறு யார்? பழைய மாணவர் சங்கமா, கோயில் திருவிழாவா, அரங்கேற்றமா, நன்றியுரை என்றால் குலம் அங்கிள்தான். ஒருவரின் பெயரும் விடுபடாது. கண்ணீர் வரப் பேசுவார்.

அதே கிழமை அலுவலகத்தில் புதிய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதிவு செய்யச் சொல்லி எனக்கு வந்தது. கட்டட உரிமையாளர்களின் சங்கம் ஒன்று, விடயம் அதே மின்தூக்கி விதி. அந்தச் சங்கத்தின் சின்னம் அங்கிளின் கட்டடத்து வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடம் அதைத் தள்ளித் திறந்தவள் நான்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். அந்தக் கோப்பு என் கணினியிலிருந்து அரைமணித்தியாலத்தில் மறைந்தது. அது பற்றிய கூட்டங்களுக்கு நான் போகக்கூடாது. அந்த வீட்டாரோடு மின்தூக்கி பற்றி ஆலோசனையாக ஒரு சொல்லும் பேசக்கூடாது. எனக்கு இந்த நாட்டில் நிரந்தர வதிவிட உரிமை இன்னும் வரவில்லை. இந்த வேலையைக் காட்டித்தான் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் பயத்தால் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்காக வேலைசெய்துகொண்டு மற்றப் பக்கத்துக்குக் காதில் ஓதக்கூடாது என்பது நியாயமான விதி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிள் எழுதிய உரையோடு காத்திருந்தார்.

"பிள்ளை, லோயர்மாற்றை ஒஃபிசிலை எல்லோ வேலை. ஒருக்கா உதைப் பார்."

"என்னாலை ஏலாது, அங்கிள்."

"இங்கிலீசு பிழையெண்டாத் திருத்து. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"அதுவும் ஏலாது. வேலை இடத்திலை ஒரு சட்டம். ஏனெண்டும் சொல்லேலாது."

அவர் தாளை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

அன்ரி அடுப்படியில் இருந்து சொன்னார்: "விடுங்கோவன். அவளுக்கு வேலை போனா நீங்களே சம்பளம் குடுக்கிறது? பிள்ளை, நீ சாப்பிடு. மீன்குழம்பு ஆறுது."

சாப்பிட்டேன். எனக்குச் சொல்ல இருந்தவை மூன்று. கேட்பதை முதலில் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்பே குழு உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஒரு சந்திப்புக் கேளுங்கள், உங்களைப் போன்ற குடியிருப்பாளருக்குப் பதிவுகூடத் தேவையில்லை. அன்ரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றையும் சோற்றோடு விழுங்கினேன்.

5

கூட்டம் ஒரு வேலைநாளில் நடந்தது. யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் ஒளிபரப்பினார்கள். மதிய இடைவேளையில், அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் நடுவே, தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.

முதலில் எங்கள் நிறுவனத்து வக்கீல். "ஒரேயொரு திருத்தம் கேட்கிறோம். மாற்றுப்பாகம் கிடைக்காத சந்தர்ப்பங்களுக்கு விதிவிலக்கு." பிறகு காரணம். பழைய மின்தூக்கிகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளை இப்போது யாரும் செய்வதில்லை, தேடி எடுக்கக் காலம் எடுக்கும். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இருப்பவை பழுதாவதற்கு முன்பே அந்தப் பலகைகளைத் தேடி வாங்கி வைக்கலாம். அதை ஒருவர் சொல்ல வேண்டும். வக்கீல் தன் நேரம் முடிய முன்னரே முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு குலம் அங்கிள். சாம்பல் நிறக் கோட்டு, கலியாண வீடுகளுக்குப் போடுவது. ஒலிவாங்கியை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய உறுப்பினர்களே, அதிகாரிகளே, எனக்கு முன்னர் அழகாகப் பேசிய சட்டத்தரணி அவர்களே என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய தன்னை ஏற்றுக்கொண்ட இந்த நாட்டுக்கு நன்றி சொன்னார். மனைவிக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கும், வான் ஓட்டுநர்களுக்கும், படிகளில் அன்ரியின் பையைத் தூக்கிவரும் கட்டடப் பராமரிப்பாளருக்கும் நன்றி. நல்ல ஆங்கிலம். ஒரு இடத்தில் குரல் தழுதழுத்தது. குழுவில் ஒரு பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்போது மணி அடித்தது.

"இன்னும் ஒரு விடயம் இருக்கிறது," என்றார் அங்கிள்.

நேரம் முடிந்துவிட்டது, மிக அழகான உரை, உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்றார் தலைவர். கண்ணாடியைக் கழற்றிய பெண் கேட்டார்: "உங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இப்போது வேலை செய்கிறதா?"

திரையை நெருங்கிப் பார்த்தேன். இதைவிட நல்ல கேள்வி அவருக்குக் கிடைத்திருக்காது. எல்லாவற்றையும் அந்த இடத்தில் சொல்லலாம்.

"ஆம், இன்று காலை வேலை செய்தது," என்றார் அங்கிள். "நிர்வாகம் நல்ல மனிதர்கள். தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள்."

வேறு கேள்விகள் இல்லை. அங்கிள் கைகூப்பினார். அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

6

அன்று மாலை நான் போனபோது அன்ரி கட்டிலில் கால்களைத் தலையணைமேல் வைத்திருந்தார். மகள் ஷாமினி, நகருக்கு வெளியே இருக்கும் ஒஷாவாவிலிருந்து, தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இருந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் விளங்கும், பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்கு ஏறிவிடுவாள்.

"அப்பா, இது வெடிங் இல்லை. யூ ஆர் சப்போஸ்ட் டு கொம்ப்ளெயின்!"

"சபையிலை எழும்பி நிண்டு ஆக்களிலை குறை சொல்லுறதே?" என்றார் அங்கிள். "முடிய வெளியிலை வைச்சுத் தலைவரைப் பிடிச்சுச் சொல்லுவம் எண்டு வாசலிலை நிண்டனான். கன நேரம் நிண்டனான். அவையள் மற்றப் பக்கத்தாலை போயிட்டினம்."

"உவர் என்ரை வான் றைவருக்கும் நன்றி சொன்னவராம்," என்றார் அன்ரி கூரையைப் பார்த்தபடி. "மனுசிக்கு லிப்ற் வேணுமெண்ட ஒண்டைத் தவிர எல்லாம் சொன்னவராம்."

"அந்த மனிசி கேட்டவ எல்லோ, அப்பா! ஷீ ஆஸ்க்ட் யூ!"

"காலமை ஓடினதுதானே. ஓடினதை ஓடேல்லை எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அங்கிள் என்னைப் பார்த்தார். அப்போதும் நான் எதுவும் சொல்லக்கூடாத காலம். எழுந்து தேநீர் போட்டேன்.

இலையுதிர் காலத்தில் விதி நிறைவேறியது, விதிவிலக்கோடு. அந்தத் திருத்தம் அங்கிள் அப்படிப் பேசியதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிப் பேசியிருந்தாலும் வந்திருக்கலாம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். என்னைக் கூப்பிடக்கூடாது என்பதால் கூப்பிடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர்கள் கைதட்டுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. வருட முடிவில் ஹெலன் என்னைப் பற்றிய மதிப்பீட்டில், நேர்மைக்கு முன்னுதாரணமானவர் என்று எழுதியிருந்தார். அவர் அதை மனதாரத்தான் எழுதினார்.

முதல் பனிக்குப் பிறகு, ஓடிக்கொண்டிருந்த மற்ற மின்தூக்கியும் நின்றது. கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள்: மாற்றுப்பாகத்துக்காகக் காத்திருக்கிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்போது அது சட்டப்படி சரி. அன்ரிக்குச் சிகிச்சை ஒன்று தவறியது. பிறகு இன்னொன்று. அம்புலன்ஸ்காரர்கள் வந்து, மூச்சுக்குத் திணறியவரை நாற்காலியில் கட்டிப் பதினான்கு மாடியும் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஷாமினி முடிவெடுத்தாள். ஒஷாவாவில் டயலிசிசுக்கு இடம் எடுத்தாயிற்று, இனி தன்னோடுதான்.

ஷாமினியின் வீட்டில் அவர்களுக்குக் கிடைப்பது நிலக்கீழ் அறை. ஆறு படி. ஷாமினியின் பிள்ளைகள் "ஹாய், அம்மம்மா" என்பார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒஷாவாவில் அங்கிளுக்கு நடந்துபோக ஒரு இடமும் இல்லை. கார் ஓட்டுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். மண்டபங்கள், சங்கங்கள், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும் சிநேகிதர்கள் எல்லாம் ரொறொன்ரோப் பக்கம். இனி அவரை எந்த மேடைக்கும் யாராவது காரில் ஏற்றி இறக்க வேண்டும்.

7

மின்னஞ்சல் வந்த மறுநாள், சனிக்கிழமை, பொதி கட்ட உதவிக்குப் போனேன். அன்று மின்தூக்கி ஓடியது. பாகம் வந்துவிட்டதாம்.

வீட்டில் சுவர்கள் மட்டும் மிச்சம். அன்ரி நடுவில், ஒரு கதிரையில், கோட்டும் தொப்பியும் போட்டபடி இருந்தார். ஷாமினியும் கணவரும் பெட்டிகளைக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அங்கிளும் கோட்டோடு சமையலறையில் ஒரு மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இனிப் பேசலாம் என்றும், ஏன் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். எங்கள் நிறுவனம் யாருக்காகப் பேசியது என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் துணியைப் பிழிந்து தொட்டியில் வைத்தார்.

"அப்ப உன்னைக் கேட்டு உன்னையும் கஷ்டப்படுத்திப் போட்டன்," என்றார். பிறகு, "இப்ப சொல்லலாமோ? நான் என்னத்தைச் சொல்லியிருக்க வேணும்?"

நல்லாத்தான் பேசினீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கேட்டது அதை அல்ல. வேலையில் எதைச் செய்வேனோ அதைச் செய்தேன், அவர் சொல்லியிருக்க வேண்டியதைச் சுருக்கி, அவர் சொல்வதுபோலவே சொன்னேன்.

"பாகம் இல்லையெண்டு விதிவிலக்குக் குடுக்காதேயுங்கோ. என்ரை மனுசி கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிசுக்கு இறங்க வேணும். லிப்ற் நிண்டா அவ செத்துப்போவா. குடுக்காதேயுங்கோ."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான், அங்கிள்."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். அந்த மூன்று வசனங்களையும் மெல்ல ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். மூன்றாவதில் ஒருமுறை தடக்கி நின்று, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். இந்தமுறை குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிழையுமில்லாமல் சொன்னார். வெறும் வீட்டில் அது எதிரொலித்தது.

அன்ரி கதிரையில் இருந்து திரும்பிப் பார்த்தார்.

"இனி ஆருக்குச் சொல்லப்போறியள்?" என்றார். "வாங்கோ. லிப்ற் ஓடுறபோதே இறங்குவம்."